நிம்பினில் வீடு பார்க்கும் தம்பிக்கு

ஆஸ்திரேலியாவில் லிஸ்மோரில் வேலை கிடைத்திருக்கிறது, 30 கிலோமீட்டர் தள்ளி நிம்பினில் வாடகை குறைவாமே, குடும்பத்தோடு இருக்கலாமா, பள்ளிக்கூடம், நம்மூர் மளிகை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது. மளிகைக்கு பிரிஸ்பேன் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாடகை குறைவு என்பதெல்லாம் பழைய கதை, 2022 வெள்ளத்தில் லிஸ்மோர் மூழ்கிய பிறகு இந்தப் பக்கம் வீடு கிடைத்தாலே பெரிது.

முக்கியமானதைச் சொல்கிறேன். தெருவில் யாராவது பிஸ்கட் நீட்டினால் வாங்காதீர்கள், உள்ளே கஞ்சா இருக்கலாம். 1993லிருந்து மே மாதத்தில் மார்டிகிராஸ் என்று கஞ்சாவுக்காக ஊர்வலமே நடக்கிற ஊர்தான், ஆனால் சட்டப்படி அது இன்னும் குற்றம். சாலையில் போலீஸ் எச்சில் சோதனை செய்வார்கள். நீங்கள் நிதானமாக ஓட்டினீர்களா என்பது பேச்சே இல்லை, எச்சிலில் இருந்தாலே வழக்கு. இந்த ஊர்க்காரனுக்கு அபராதத்தோடும் லைசென்சோடும் போய்விடும், விசாவில் இருப்பவன் அப்படி அசட்டையாக இருக்க முடியாது.

அதற்காக சிட்னியில் இருக்கிற நம் ஆட்கள் பேச்சைக் கேட்டு மிரளவும் வேண்டாம். பைரன் பேயிலிருந்து பஸ்ஸில் வந்து, வர்ணம் பூசிய கடைகள் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மதியமே திரும்பிப் போய் 'கஞ்சா ஊர்' என்று சொல்கிறவர்கள் அவர்கள். 1973ல் மாணவர் சங்கம் இங்கே அக்வேரியஸ் என்ற மாற்று வாழ்க்கைக் கலைவிழா நடத்தியபோது பால் பண்ணைகள் நொடித்து ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. விழா முடிந்தும் கிளம்பாத பிள்ளைகள் பக்கத்து டன்டபிள் ஃபால்ஸில் காசு போட்டுப் பொதுவில் நிலம் வாங்கினார்கள். 1979ல் டெரானியா கிரீக்கில் மரம் வெட்ட வந்த புல்டோசர்களை மறித்து நின்றவர்களில் அவர்களும் உண்டு, இன்று அந்தக் காடு நைட்கேப் தேசியப் பூங்காவில் இருக்கிறது. கூரையில் சூரிய மின்சாரம் என்று நகரத்தில் யாரும் யோசிக்காத 1987லேயே அதற்கு இங்கே ஒரு கம்பெனி தொடங்கிவிட்டார்கள்.

நான் வந்த புதிதில் அப்படி ஒரு பொது நிலத்து வீட்டில்தான் ஓர் அறை. குடிக்க மழைநீர், கழிவறையில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள், காலில் அட்டை. எம்.எஸ்சி. படித்துவிட்டு இதற்கா வந்தேன் என்று அழுகையே வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி, விழாவுக்கு வந்து தங்கிவிட்டவள், ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, கூரைத் தகரத்துக் கால்வாயில் இலை அள்ளக் கற்றுக்கொடுத்தாள். திட்டிக்கொண்டேதான். இப்போது நான் புதிதாக வருகிறவர்களைத் திட்டுகிறேன். ஊருக்கு வெளியே வீடு பார்த்தால் மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று முதலில் கேளுங்கள், கட்டில் சோபாவெல்லாம் அப்புறம்.