பெட்டியில் விதை மட்டுமே சேர்கிறது: தானியங்கி வயலில் பிழை எங்கே?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் ஜாவா பதிப்பில், எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் உலகில் 9-க்கு 9 அளவில் ஒரு கோதுமை வயல் அமைத்திருக்கிறேன். ஓரத்துப் பயிர் ஒன்றை அப்சர்வர் (எதிரே உள்ளதைக் கண்காணிக்கும் கருவி) பார்த்துக்கொண்டிருக்கும். பயிர் வளர்ந்ததும் தண்ணீர் வாளி வைத்த டிஸ்பென்சர்கள் (உள்ளிருப்பதை வெளியே விடும் பெட்டிகள்) திறந்து, விளைச்சலை ஹாப்பருக்கு (பொருளை உள்ளிழுத்துப் பெட்டிக்கு அனுப்பும் புனல்) அடித்துச் செல்ல வேண்டும். அப்சர்வரை வைத்துத்தான் கரும்புப் பண்ணையை வெற்றிகரமாகக் கட்டினேன். ஆனால் இங்கே பெட்டியில் விதை மட்டுமே சேர்கிறது. போதாக்குறைக்குத் தண்ணீர் தானாகப் பாய்வதும் நிற்பதுமாக இருக்கிறது. விளைச்சலை விவசாயி வில்லேஜரிடம் (விளையாட்டே இயக்கும் கிராமவாசி) விற்று, அங்கே நாணயமாகப் புழங்கும் எமரால்டு சேர்ப்பதே என் நோக்கம். வயலை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா?”

ஆகாது. இரட்டிப்பாக்கினால் விதைதான் இரண்டு பெட்டி சேரும். உங்கள் கட்டுமானத்தில் கோளாறு இல்லை. கரும்புக்குப் பொருந்தும் முறையைக் கோதுமைக்கு எடுத்துச் சென்றதுதான் சிக்கல்.

அப்சர்வர் முதிர்ச்சியை அறியாது, மாற்றத்தை மட்டுமே அறியும். தன் முகத்துக்கு எதிரே உள்ள பிளாக்கின் (கனசதுரக் கட்டத்தின்) நிலை எந்த விதத்தில் மாறினாலும், மற்றக் கருவிகளை இயக்கும் ஒரு துடிப்பை அது அனுப்பிவிடும். கோதுமைக்கு எட்டு வளர்ச்சி நிலைகள் இருக்கின்றன; நட்டதிலிருந்து கதிர் பழுப்பதற்குள் ஏழு முறை அதன் நிலை மாறுகிறது. உங்கள் அப்சர்வர் முதல் மாற்றத்திலேயே, அதாவது முளை சற்றே தலைதூக்கியதுமே, மடையைத் திறந்துவிடுகிறது. முதிராத கோதுமையைப் பறித்தால் ஒரே ஒரு விதை மட்டும் கிடைக்கும் என்பதால், நட்ட விதையைத்தான் அந்தப் பொறி உங்களிடம் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது.

தண்ணீர் வந்துபோவதற்கும் காரணம் இதுவே. வாளியுள்ள டிஸ்பென்சர் ஒரு துடிப்புக்குத் தண்ணீரை ஊற்றும், அடுத்த துடிப்புக்கு அதே தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பயிர் அடித்துச் செல்லப்பட்டு அந்த இடத்துக்குத் தண்ணீர் வருவதும் அப்சர்வரின் கண்ணுக்கு ஒரு மாற்றம்தான். தண்ணீர் வடிவதும் இன்னொரு மாற்றம். ஆகவே பொறி தன் செயலைத் தானே பார்த்து, தன்னையே மீண்டும் தூண்டிக்கொள்கிறது. அப்சர்வரை வேறு பயிருக்கு எதிரே நகர்த்துவதாலோ கம்பியில் துடிப்பைத் தாமதப்படுத்தும் ரிப்பீட்டர் சேர்ப்பதாலோ இது தீராது.

கரும்பில் இது ஏன் நேர்வதில்லை என்பதைப் பார்த்தால் எந்தப் பயிருக்கு எந்தப் பொறி என்பது விளங்கிவிடும். கரும்பு தன் முதிர்ச்சியை உயரத்தால் காட்டுகிறது. மூன்றாம் உயரத்தில் அப்சர்வரை வைத்தால், கரும்பு அந்த உயரத்தை எட்டும்வரை அதற்குப் பார்க்க எதுவும் இல்லை. எட்டியதும் துடிப்பு எழுகிறது. இரண்டாம் உயரத்தில் உள்ள பிஸ்டன் (எதிரே உள்ளதைத் தள்ளும் கருவி) மேலிருக்கும் இரண்டு கணுக்களையும் தள்ளிவிட, அடிக்கட்டை மறுதாம்பாக நின்று மீண்டும் வளர்கிறது. மறுநடவு என்ற வேலையே கிடையாது. பூசணியிலும் தர்பூசணியிலும் தண்டை நோக்கி அப்சர்வர் வைப்பார்கள். அந்தத் தண்டும் கோதுமையைப் போலப் படிப்படியாக வளர்வதுதான். ஒவ்வொரு படியிலும் பிஸ்டன் வீணாக ஒரு முறை அசையும். ஆனால் அது அசைவது காய் பிடிக்கப்போகும் வெற்றிடத்தில் என்பதால் எந்தச் சேதமும் இல்லை. காய் பிடித்ததும் தண்டு அதன் பக்கம் வளைகிறது, அந்த மாற்றத்துக்கு எழும் துடிப்பில் காய் உடைந்து விழுகிறது, தண்டு அப்படியே நிற்கிறது.

கோதுமை, கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஆகிய நான்கும் வேறு இனம். இவற்றின் முதிர்ச்சியை உயரமும் சொல்லாது, பக்கத்துப் பிளாக்கும் சொல்லாது. அறுத்தபின் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் நட்டாக வேண்டும். இந்த இரண்டு வேலையையும் தானாகவே செய்யக்கூடியவர் விளையாட்டில் ஒருவர்தான், விவசாயி வில்லேஜர். அவர் முதிர்ந்த பயிரை மட்டுமே பறிப்பார். பறித்த இடத்தில் உடனே நடுவார். 2014-இல் வந்த 1.8 பதிப்பிலிருந்தே அவருக்கு இந்தத் திறமை உண்டு. வில்லேஜர் வேண்டாம் என்றால், அப்சர்வரை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை வையுங்கள்; வயல் பழுத்திருப்பதைக் கண்ணால் பார்த்து ஒரு முறை அழுத்தினால் தண்ணீர் பாயும், மறுமுறை அழுத்தினால் வாளிக்குத் திரும்பும். சமதளத்தில் தண்ணீர் ஊற்றுக் கட்டத்தையும் சேர்த்து எட்டுக் கட்டங்கள்தான் போகும் என்பதால், பாத்தியை எட்டுக்கு மேல் நீட்ட வேண்டாம். அறுவடை இதில் நொடியில் முடியும், நடவு மட்டும் உங்கள் கையில். அதை அரைத் தானியங்கி என்று சொல்வதே நேர்மை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வளர்ச்சி வேகத்தின் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது; ஏனெனில் பொறியில் மிச்சப்படுத்தும் நொடிகளைவிட மண்ணில் இழக்கும் நிமிடங்கள் அதிகம். ஒவ்வொரு பயிர்க் கட்டத்தையும் விளையாட்டு சராசரியாக 68 நொடிக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்கிறது. தொடும்போதெல்லாம் பயிர் வளர்ந்துவிடுவதில்லை. அதற்கான வாய்ப்பை மண்ணின் மதிப்பெண் தீர்மானிக்கிறது. பயிர் நிற்கும் உழுத மண் ஈரமாக இருந்தால் 4, காய்ந்திருந்தால் 2; சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் ஈரமான உழுத மண் ஒவ்வொன்றுக்கும் 0.75, காய்ந்ததற்கு 0.25. முழு ஈரத்தில் எட்டுப் பக்கமும் உழுத மண் சூழ்ந்தால் மொத்தம் 10; அப்போது மூன்று தொடுதலுக்கு ஒரு முறை பயிர் ஒரு நிலை ஏறும். ஏழு படிகளைக் கடக்கச் சராசரியாக 24 நிமிடம்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. அதே இனப் பயிர் மூலைவிட்டத்தில் நின்றாலோ, வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் நின்றாலோ மதிப்பெண் பாதியாகிவிடும். வயல் முழுவதும் கோதுமையாகவே இருந்தால் ஆறு தொடுதலுக்கு ஒரு முறைதான் வளர்ச்சி. 24 நிமிடம் 48 ஆகிவிடும். ஒரு வரிசை கோதுமை, அடுத்த வரிசை கேரட் என்று மாற்றி மாற்றி நட்டால் இந்தத் தண்டனை இல்லை. கையால் நடும் வயலில், செலவே இல்லாமல் வேகம் இரட்டிப்பாகும் வழி இது ஒன்றுதான். ஆனால் வில்லேஜர் இந்த ஒழுங்கைக் காப்பாற்ற மாட்டார். தன் பையில் முதலில் அகப்படுவதை நடுவார், இரண்டொரு அறுவடைக்குள் வரிசை கலைந்துவிடும். எனவே அவரிடம் ஒப்படைக்கும் வயலில் ஒரே பயிரை வைத்து, பாதி வேகத்தை ஏற்றுக்கொள்வதே என் பரிந்துரை.

அந்த ஒரே பயிர் கோதுமையாக இருக்கக் கூடாது. உங்கள் நோக்கம் எமரால்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தொடக்க நிலை விவசாயி 20 கோதுமைக்கும், 22 கேரட்டுக்கும், 26 உருளைக்கிழங்குக்கும் ஓர் எமரால்டு தருகிறார். விலையைப் பார்த்தால் கோதுமை லாபமாகத் தோன்றும். ஆனால் ஒரு கோதுமைச் செடி ஒரே ஒரு கோதுமைதான் தரும். ஒரு கேரட் செடி இரண்டிலிருந்து ஐந்து வரை, சராசரியாக 3.7 கேரட் தரும். மறுநடவுக்கு ஒன்றை ஒதுக்கினாலும் 2.7 மிஞ்சுகிறது. அதாவது ஓர் எமரால்டுக்குக் கோதுமையில் 20 செடி வேண்டும், கேரட்டில் எட்டுச் செடி போதும். வயலின் அளவையோ பொறியையோ தொடாமல், பயிரை மாற்றுவதாலேயே வருமானம் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. கேரட்டில் விதையும் விளைபொருளும் ஒன்றே என்பதால், விதையைத் தனியே பிரிக்கும் ரெட்ஸ்டோன் (விளையாட்டின் மின்சுற்று) வேலையும் இல்லை.

இனி அமைப்புக்கு வருவோம். உங்கள் 9-க்கு 9 வயலை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரு தண்ணீர்க் கட்டம் நான்கு பக்கமும் நான்கு கட்டத் தொலைவு வரை, மூலைகள் உட்பட ஈரம் தரும். எனவே நடுவில் ஒரே ஒரு தண்ணீர், சுற்றிலும் 80 உழுத கட்டங்கள் என்பதே சிக்கனமான அளவு. அந்தத் தண்ணீருக்கு நேர்மேலே கம்போஸ்டரை வையுங்கள். வில்லேஜரை விவசாயியாக்கும் வேலைத்தளம் அதுதான். அது நடுவில் இருந்தால் அவர் வயலுக்குள்ளேயே சுற்றுவார், தண்ணீரிலும் விழமாட்டார். கம்போஸ்டரின் தலையில் ஒளிரும் கல்லான குளோஸ்டோன் ஒன்றை வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் அதன்மேல் ஏறிக் குதிப்பார். அந்த உயரத்திலிருந்து குதித்தாலே உழுத மண் வெறும் மண்ணாக மாற ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு. வயலைச் சுற்றி வேலி போட்டு, அதன் நான்கு மூலைக் கம்பங்களின் மேல் டார்ச் செருகினால், பயிர் வளரத் தேவையான 9 என்ற ஒளி அளவு கடைசிக் கட்டம் வரை கிடைக்கும். நிலத்தடியில் கட்டினாலும் இந்த ஐந்து விளக்குகள் போதும். திறந்த வெளியில் கட்டினால் கூரை போடுங்கள். மின்னல் தாக்கிய வில்லேஜர் சூனியக்காரியாகிவிடுவார்.

விளைச்சலைச் சேகரிப்பதற்கு உழுத மண்ணுக்கு நேர்கீழே தண்டவாளம் அமைத்து ஒரு ஹாப்பர் மைன்கார்ட்டை (ஹாப்பர் பொருத்திய வண்டி) ஓட விடுங்கள். தலைக்கு மேலுள்ள பிளாக்கின் மீது கிடக்கும் பொருளையும் அது உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீருக்குக் கீழே மட்டும் ஒரு கெட்டியான பிளாக்கை வைத்து, தண்டவாளத்தை அதைத் தவிர்த்து வளைத்துக்கொள்ள வேண்டும். வண்டி இறக்கும் இடத்தில், தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு மூன்று ஹாப்பர்களை அடுத்தடுத்து வையுங்கள். ஓடும் வண்டியிலிருந்து ஒரு ஹாப்பர் ஒரு முறைக்கு ஒன்றிரண்டு பொருளைத்தான் பிடுங்க முடியும் என்றாலும், கேரட் சேரும் வேகத்துக்கு அது தாராளம்.

ஆனால் இப்படியே விட்டால் பறித்ததில் பெரும்பகுதியை விவசாயியே பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். அவர் பையில் எட்டு இடங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் நீங்களே எட்டு அடுக்கு, அதாவது 512 கேரட்டை அவர் முன் எறிந்து அந்த எட்டையும் நிரப்பிவிடுங்கள். அதன்பின் நட்டதற்கு ஈடாக ஒன்றை எடுப்பதைத் தவிர அவரால் வேறு எதையும் பொறுக்க முடியாது. மிஞ்சியது தரையிலேயே கிடந்து வண்டிக்குப் போகும். 512 என்பது பெரிய முதலீடாகத் தோன்றலாம். முதல் சில அறுவடைகளைக் கையால் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது பெட்டி காலியாக இருக்கும் சில மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அவரே நிரப்பிக்கொள்வார்.

அவரைத் தனியாகவே வைத்திருங்கள். நான் கட்டிய முதல் கேரட் வயலில், விவசாயி இறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து மாற்றாள் ஒருவரையும் உள்ளே விட்டு, அருகே கட்டில்களும் போட்டிருந்தேன். உபரி உணவுள்ள விவசாயி பசித்த வில்லேஜரைக் கண்டால் பகிர்ந்தளிப்பது அவர் இயல்பு. நான் சுரங்கத்தில் வைரம் தேடிவிட்டு வந்து பார்த்தபோது பெட்டியில் சில கேரட்டுகளும், வயலில் மூன்று குழந்தைகளும் இருந்தன.

எவ்வளவு கிடைக்கும்? 80 செடி, 48 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 100 செடி பழுக்கும். தாளில் அது 270 கேரட். ஓரத்துச் செடிகளுக்கு அண்டை மண் குறைவு என்பதாலும், விவசாயி பகலில் வேலை நேரத்தில்தான் அறுப்பார் என்பதாலும் நடைமுறையில் அதைவிடக் குறையும். மணிக்கு 200-ஐ எட்டினாலே வயல் நன்றாக ஓடுகிறது என்று கொள்ளுங்கள், ஒன்பது எமரால்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால், ஒருவரின் வயலை அகலமாக்காமல், இதே அளவில் இன்னொரு வயலும் இன்னொரு விவசாயியும் சேர்ப்பதே முறை. ஒரு வில்லேஜரிடம் ஒரே பண்டத்தை 16 முறை விற்றதும் அந்த வணிகம் தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளும் என்பதால், 352 கேரட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் சுமந்து செல்வதில் பயனில்லை.

இன்னும் ஒன்று. நீங்கள் தொலைவில் இருக்கும்போது வயல் உறங்கிவிடும். பயிரும் வளராது, வண்டியும் ஓடாது. எனவே இதை நீங்கள் அதிக நேரம் செலவிடும் இடத்துக்கு அருகிலேயே கட்டுங்கள். கட்டுமுன் எஃப்3 விசையுடன் ஜி விசையை அழுத்தினால் சங்க் (உலகம் பிரிக்கப்பட்டிருக்கும் சதுரத் துண்டு) எல்லைக் கோடுகள் தெரியும். 16-க்கு 16 பரப்புள்ள ஒரே சங்குக்குள் முழு வயலையும் அடக்கிவிட்டால், பாதி விழித்தும் பாதி உறங்கியும் வண்டி நடுவழியில் நின்றுபோகும் தொல்லை வராது. மேற்சொன்ன வில்லேஜர் நடத்தையும் கணக்குகளும் ஜாவா பதிப்புக்கு உரியவை. கைபேசி, கன்சோல் முதலியவற்றில் ஓடும் பெட்ராக் பதிப்பில் விளையாடும் நண்பர்கள் சிறிய அளவில் கட்டிச் சோதித்த பிறகே 80 கட்டத்துக்குப் போகட்டும். கழற்றிய அப்சர்வர்களை வீணாக்க வேண்டாம். ஆறு பூசணிக்கு ஓர் எமரால்டு என்று அதே விவசாயி அடுத்த நிலையில் வாங்கத் தொடங்குவார். அப்சர்வர்களுக்கு உரிய இடம் அந்தப் பூசணித் தண்டுகளின் எதிரேதான்.