ஓட்டோ கியர் ஒயிலை மெஷினில் ஃப்ளஷ் பண்ணலாமா?

120,000 கிலோமீற்றர் ஓடிய கார், கியர் ஒயில் ஒருதரமும் மாற்றவில்லை, கல்முனைப் பக்கம் ஒரு கராஜில் ஃப்ளஷ் பண்ணச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஷின் வேண்டாம். அது ஒயிலை மாற்றுமே தவிர ஃபில்டரையும், பேனின் (கியர்பொக்ஸுக்கு அடியிலுள்ள ஒயில் தட்டின்) காந்தத்தையும் துடைக்காது. இத்தனை காலம் படிந்த அழுக்கு கிளம்பி வால்வ் பொடியின் (கியர் மாற ஒயிலைத் திருப்பிவிடும் பகுதியின்) நுண்துளைகளை அடைத்தால் கியர் விழத் தாமதிக்கும், வண்டி வெட்டி இழுக்கும்.

அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி ஒயிலை இறக்கி, இறங்கிய அளவை அளந்து அவ்வளவே ஊற்றுங்கள். முதலில் நிரப்பும் வழி திறக்கிறதா பாருங்கள். இறக்கிய பிறகு அது இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். மொத்தம் 7 லீற்றர் பிடித்தால் 3 லீற்றர்தான் இறங்கும், மிச்சம் பெரும்பாலும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் (இஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் பகுதிக்குள்) நிற்கும். சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று தரம் செய்தால் ஏறக்குறைய 80 வீதம் புதிதாகிவிடும். ஒருதரம் பேனையும் கழற்றுங்கள்: காந்தத்தில் சாம்பல் நிறப் பசை வழமை, இரும்புத் துகள் என்றால் கியர்பொக்ஸ் தேய்கிறது. அதற்கு எந்த ஒயிலும் மருந்தில்லை.

ஒயில் வகை கையேட்டில் உள்ளதேதான். சீ.வீ.ரீ. (பெல்ட்டில் ஓடும் கியர்பொக்ஸ்) வண்டிக்குச் சாதாரண ஓட்டோ ஒயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

மாரி வெள்ளத்தில் ஓடிய வண்டியா? டிப்ஸ்டிக்கில் ஒயில் ஸ்ட்ரோபெரி மில்க் போல வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணாமல், கட்டி இழுக்காமல், லொறியில் ஏற்றிக் கொண்டுபோய், ஒயில் முழுவதையும் மாற்றுங்கள். ரேடியேட்டர் வழியாகவும் கலக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.