இலவச விளையாட்டு, நாலாயிரம் ரூபாய் பில்

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இலவசம் என்பதால்தான் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஏற்றிக்கொள்ள விட்டேன். போன வாரம் கடைக் கணக்கு பார்க்கும்போது, என் யுபிஐ-யில் 80, 240, 400 என்று துண்டு துண்டாக நாலாயிரத்துச் சொச்சம் போயிருப்பது தெரிந்தது. கேட்டால் "டயமண்ட் டாப்-அப் போட்டேன்" என்கிறான். விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசாம் அது. கூட விளையாடும் பையன்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லையாம். இது மோசடியா? பணம் திரும்பக் கிடைக்குமா? விளையாட்டையே அழித்துவிடலாமா?
— மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர், கரூர்

பதில்: முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். அதற்குத்தான் கெடு இருக்கிறது.

யுபிஐ வரலாற்றைத் திறந்து ஒவ்வொரு தொகையும் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் பிளே என்று இருந்தால், அதே நேரத்தில் உங்கள் ஜிமெயிலுக்கு ரசீது வந்திருக்கும். ஜி, பி, ஏ என்ற எழுத்துகளில் தொடங்கும் ஆர்டர் எண் அதில் இருக்கும். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே நேரடியாக ரீஃபண்ட் கேட்கலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் விளையாட்டு நிறுவனத்திடம்தான் கேட்கச் சொல்வார்கள். ஆனாலும் பிளே ஸ்டோர் தளத்தில், வீட்டுப் பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டான் என்று காரணம் காட்டி விண்ணப்பம் போட்டு வையுங்கள். சில ஆர்டர்களுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. முன்பின் தெரியாத ஆள் கணக்கில் கைவைத்தால் 120 நாளுக்குள் புகார் செய்யலாம் என்று தனியாக ஒரு வழி உண்டு. உங்கள் விஷயம் அதில் சேராது. பொய் சொல்லி அதில் நுழைய வேண்டாம். ரீஃபண்ட் வந்தால் வாங்கிய டயமண்டைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள், மகனின் கணக்கையே முடக்கவும் கூடும் என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் வேறொரு டாப்-அப் தளத்துக்குப் போயிருந்தால் கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தளத்திடம்தான் கேட்க வேண்டும். யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு, "பாதி விலைக்கு டயமண்ட்" என்று இன்ஸ்டாகிராமில் பார்த்துப் போயிருந்தால்தான் அது உண்மையான மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் அங்கே முக்கியம்.

இப்போது யுபிஐ பின்னை மாற்றிவிட்டு மேலே படியுங்கள். பெரும்பாலும் பின் தெரிந்துதான் அவன் இதைச் செய்திருப்பான்.

மோசடியா என்ற கேள்விக்கு: சட்டப்படி இல்லை. கேட்ட டயமண்டை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் எவ்வளவு செலவழிக்கிறான் என்பது அவனுக்கே தெரியாதபடி கடையை அமைத்திருக்கிறார்கள். அது தற்செயல் இல்லை, அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு.

ஒரு காலத்தில் இந்தத் தொழில் எளிமையாக இருந்தது. 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதம் ஏறக்குறைய 15 டாலர் வாங்கியது. கட்டினால் விளையாடலாம், கட்டாவிட்டால் கதவு மூடும். அதில் நிறுவனத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது: ஆயிரம் டாலர் செலவழிக்கத் தயாராக இருப்பவனிடமும் அதே 15 டாலர்தான் வாங்க முடியும். கையில் காசில்லாதவன் உள்ளேயே வரமாட்டான். கதவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டு, உள்ளே கடை போட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

உங்கள் மகனின் நண்பர்கள் காசு போடாமல் ஆடுவது இதனால்தான். ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனாவின் தாய் நிறுவனம் சிங்கப்பூரைச் சேர்ந்த சீ. நியூயார்க் பங்குச்சந்தையில் இருப்பதால், ஒவ்வொரு காலாண்டும் எத்தனை பேர் விளையாடினார்கள், அதில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று தனித்தனியாக வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் பணம் கட்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேர்தான். அந்தப் பத்துப் பேரிலும் பெரும்பணம் வருவது ஒருசிலரிடமிருந்து. தொழிலில் அவர்களைத் 'திமிங்கிலம்' என்பார்கள். வாடிக்கையாளருக்கு வைக்கிற பெயரா இது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மீதித் தொண்ணூறு பேரால் நிறுவனத்துக்கு நட்டம் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீ ஃபயரின் ஒரு ஆட்டத்துக்கு ஐம்பது பேர் வரை வேண்டும். காசு கட்டியவர்கள் மட்டும் வந்தால் ஆட்டத்துக்கு ஆளே சேராது. (ஆள் குறைந்தால் கணினியே ஓட்டும் 'பாட்'களை இறக்கி நிரப்புவார்கள், சின்ன ரேங்கில் உங்கள் மகன் சுட்டு வீழ்த்தியதில் பலரும் அந்த வகைதான்.) அதைவிட முக்கியம், நூறு ரூபாய் செலவழித்து வாங்கிய உடையைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். ஒருவன் தனியாக ஆடும் விளையாட்டில் அந்த உடைக்கு மதிப்பே இல்லை. ஆக, இலவசமாக ஆடும் பையன்கள் அங்கே பார்வையாளர்கள். காசு போட்டவனுக்கு நிறுவனம் விற்பது அவர்கள் முன்னால் ஒரு நல்ல இடத்தை.

பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப உடையிலேயே வருபவனுக்கு 'நூப்' என்று பெயர். நாலு பேர் கூடி ஆடும் ஸ்குவாடில் சேர்க்கமாட்டார்கள், சேர்த்தாலும் மைக்கில் கிண்டல் ஓடும். உங்கள் மகனை வாங்க வைத்தது நிறுவனத்தின் விளம்பரத்தைவிட அந்த மூன்று நண்பர்களின் குரலாகத்தான் இருக்கும். உடை வெறும் அழகுக்கு என்று சொல்வதும் முழு உண்மையில்லை. பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ-யில் துப்பாக்கிக்கு வாங்கும் ஸ்கின் தோற்றத்தை மட்டும் மாற்றும். ஃப்ரீ ஃபயரில் பல ஸ்கின்கள் துப்பாக்கியின் வேகத்தையும் அடியின் பலத்தையும் கொஞ்சம் கூட்டும். படிப்படியாக மேம்படுத்தக்கூடிய 'எவோ கன்' ஸ்கின் வேண்டும் என்று அவன் கெஞ்சினால் பெருமை மட்டுமே காரணமில்லை.

சரி, டயமண்ட் எதற்கு? ரூபாயிலேயே விலை போட்டால் ஆகாதா? ஆகாது. ரூபாயில் போட்டால் எட்டாம் வகுப்புப் பையனும் கணக்குப் போட்டுவிடுவான். உங்கள் யுபிஐ-யில் தெரியும் 80, 240, 400 மூன்றும் 100, 310, 520 டயமண்ட் கொண்ட பேக்குகளின் விலை. அதற்கு மேல் 1060, 2180 என்று போகும். பேக் பெரிதாக ஆக, ஒரு டயமண்டின் விலை கொஞ்சம் குறையும். கடையில் ஒரு கிலோவாக வாங்கினால் லாபம் என்று நீங்கள் சொல்வதுபோலத்தான். ஆனால் உங்களிடம் வாங்கிய பருப்பு சமைத்தால் தீரும். இங்கே எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சம் அடுத்த டாப்-அப்புக்கு இழுக்கும்.

டயமண்ட் கொடுத்துச் சுற்றும் பரிசுச் சக்கரம் ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். 'ஃபேடட் வீல்' என்று அவனிடம் கேளுங்கள், உடனே தெரியும். பத்துப் பொருள் காட்டுவார்கள். வேண்டாத இரண்டை நீக்கிவிடலாம். மீதி எட்டு. சுற்றினால் ஒன்று விழும், விழுந்தது மறுபடி வராது. ஆகவே எட்டுச் சுற்றுக்குள் ஆசைப்பட்ட பண்டல் (உடைத் தொகுப்பு) கட்டாயம் கிடைக்கும். நியாயமாகத்தானே இருக்கிறது? விலையைப் பாருங்கள். அதிகம் வந்துபோகும் விலை வரிசை இது: 9, 19, 39, 69, 99, 149, 199, 499. நிகழ்வைப் பொறுத்து மாறும், வடிவம் மாறாது.

முதல் சுற்று 9 டயமண்ட், நம் காசில் ஏழு ரூபாய்ச் சொச்சம். யார்தான் சுற்றமாட்டார்கள்? பெரிய பரிசு முதல் சுற்றிலேயே விழும் வாய்ப்பு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். விழுவது பாராசூட்டோ பையோ, பையனுக்கு வேண்டாத ஏதோ ஒன்று. ஏழு சுற்று முடிந்ததும் 583 டயமண்ட் போயிருக்கும். திரையில் பாக்கி இருப்பது அவன் ஆசைப்பட்ட பொருள் ஒன்றுதான். அதன் விலை 499, அதாவது மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி. இந்த இடத்தில் நிறுத்துகிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை, பெரியவர்களையும்தான்.

எட்டையும் கூட்டினால் 1082. பேக் இருப்பதோ 1060. இருபத்திரண்டு குறைகிறது! இன்னொரு 80 ரூபாய் போட வேண்டும், போட்டால் 78 டயமண்ட் கையில் மிஞ்சும். அந்த 78 அடுத்த வாரச் சக்கரத்தின் முதல் சில சுற்றுகளுக்குக் காத்திருக்கும்.

இதில் மாதாமாதம் வரும் 'பூயா பாஸ்' வேறு ரகம். அதற்குக் காசு கட்டியவுடன் பரிசு வராது. தினமும் வந்து சொன்ன வேலைகளை முடித்தால்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். இதன் மூல வடிவம் 2013-ல் டோட்டா 2 விளையாட்டில் வந்தது. ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டு அதை உலகமெங்கும் பரப்பியது. பணத்தளவில் பாஸ் அவ்வளவு மோசமில்லை, செலவு முன்பே தெரியும். நேரத்தைத்தான் அது தின்னும். கட்டிய காசு வீணாகக்கூடாதே என்று பரீட்சை நாளிலும் போனை எடுப்பான்.

மற்ற நாடுகள் இதைச் சும்மா விடவில்லை. என்ன விழும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளை பெல்ஜியம் 2018-ல் சூதாட்டம் என்றே அறிவித்தது. சீனா 2017 முதல் வாய்ப்புச் சதவீதத்தை வெளியிடச் சொல்கிறது. தென்கொரியாவில் 2024 முதல் அது கட்டாயம். உங்களுக்கு நெருக்கமானது அமெரிக்க வழக்கு. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துடன் மொத்தம் 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகள் வாங்க முடிந்தது, ஒரே பட்டன் அழுத்தத்தில் பணம் போனது, வங்கியில் புகார் செய்தவர்களின் விளையாட்டுக் கணக்கைப் பூட்டினார்கள் என்பவை அங்கே எழுந்த குற்றச்சாட்டுகள்.

இந்தியாவில் 2025-ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்துப் பணம் எடுக்கும் ரம்மி வகை ஆட்டங்களைத் தடை செய்கிறது. டயமண்டைத் திரும்ப ரூபாயாக எடுக்க முடியாது, எனவே உங்கள் வழக்கை அதில் சேர்க்க முடியும் என்று நம்ப வேண்டாம். கொஞ்சம் கைகொடுக்கக்கூடியது, போலி அவசரம் காட்டி வாங்க வைப்பது போன்ற 13 வகைத் தந்திரங்களை விலக்கும் 2023-ஆம் ஆண்டு நுகர்வோர் வழிகாட்டு நெறிகள். ரீஃபண்ட் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்து வையுங்கள். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

அழித்துவிடலாமா என்றால், நான் அழிக்கச் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் போனில் ஆடுவான், அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். பிளே ஸ்டோர் அமைப்புகளில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' என்பதை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். கடைப் பணம் புழங்கும் போனை அவன் கையில் கொடுக்கவே வேண்டாம். வேறு போனில் அவனுக்கென்று ஒரு கணக்கு திறந்து, ஃபேமிலி லிங்க் மூலம் உங்களோடு இணைத்துவிட்டால், பிளே ஸ்டோர் வழியாக அவன் வாங்கப் பார்க்கும் ஒவ்வொன்றும் உங்கள் அனுமதிக்கு வரும்.

காசே தரமாட்டேன் என்பதும் தருவேன் என்பதும் உங்கள் வீட்டு முடிவு. தருவதானால் மாதம் இவ்வளவு என்று கூகுள் பிளே ரிடீம் கோடாகக் கொடுங்கள், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். வாங்குவதற்கு முன் டயமண்ட் விலையை ரூபாயாக மாற்றி ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரமென்றால் எட்டாவது சுற்று வரை கூட்டி எழுத வேண்டும்.

இன்னொன்று. பணம் நின்றதும் சில பிள்ளைகள் ஐடியையே விற்கப் பார்ப்பார்கள், அல்லது இலவச டயமண்ட் தரும் லிங்க் என்று எதிலாவது பாஸ்வேர்டைக் கொடுப்பார்கள். அவன் விளையாட்டுக் கணக்கு உங்கள் ஜிமெயிலிலோ ஃபேஸ்புக்கிலோ திறக்கப்பட்டிருந்தால், போவது ஐடி மட்டுமாக இருக்காது. எதில் திறந்திருக்கிறான் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.