டெக்சாஸில் எது சட்டம்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் தன்பாலினத்தார் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். டாலஸில் இருக்கும் என் அண்ணன் மகனோ, டெக்சாஸ் சட்டப் புத்தகத்தில் அந்த உறவே இன்னும் குற்றம் என்றுதான் இருக்கிறது என்கிறான். எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் சரிதான். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 21.06ஆம் பிரிவை அரசு இணையதளத்திலேயே படிக்கலாம். செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டதாக ஒரு குறிப்பு, கூடவே பிரிவு முழுசாக!

1998இல் ஹூஸ்டன் பக்கம், துப்பாக்கியோடு ஒருவன் ரகளை செய்வதாக வந்த பொய்ப் புகாரை நம்பி போலீஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. ஜான் லாரன்ஸ், டைரன் கார்னர் என்ற இருவரை இந்தப் பிரிவில் கைது செய்தார்கள். கடைசியில் அபராதம் தலைக்கு 200 டாலர். கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பிரிவு செல்லாது என்றது. ஆனால் புத்தகத்திலிருந்து அதை எடுக்க வேண்டியது மாநிலச் சட்டமன்றம். மசோதாக்கள் வந்தன, எதுவும் கரையேறவில்லை.

திருமணக் கதையும் இதேதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே திருமணம் என்று 2005இல் வாக்கெடுப்பு நடத்தி மாநில அரசமைப்பில் சேர்த்தார்கள். தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் அனுமதித்த உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு அதை முடக்கியது, வரி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

கிடந்தால் என்ன என்று விட முடியவில்லை. 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பின்போது, இந்த இரண்டு தீர்ப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதினார். வேறு எந்த நீதிபதியும் அதில் சேரவில்லை. என்றாலும் அந்த டிசம்பரிலேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 2015 தீர்ப்பே போனாலும், வேறு மாநிலத்தில் நடந்த திருமணத்தை டெக்சாஸ் ஏற்றாக வேண்டும். தானே நடத்திவைக்க வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை.

வேலையில் தன்பாலினத்தாரிடம் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு சொல்கிறது. அதற்கு நிறுவனத்தில் குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும். வாடகை வீட்டில்தான் சிக்கல். வெளிப்படையாகப் பாதுகாக்கும் மாநிலச் சட்டம் கிடையாது, ஊருக்கு ஊர் விதி. டாலஸ் 2002இலேயே விதி போட்டது. ஹூஸ்டன் 2014இல் போட்டதை மறுவருடமே வாக்கெடுப்பில் மக்கள் தூக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அப்போதைய மேயர் அனீஸ் பார்க்கர் வெளிப்படையான லெஸ்பியன், அதே மக்கள் மூன்று முறை ஜெயிக்கவைத்தவர்! எனவே அங்கே வீடு பார்க்கும் ஜோடி, டாலஸ் எல்லை தாண்டி அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஊர் விதியையும் விசாரிப்பது நல்லது.