நட்சத்திர வகைகளின் எழுத்துகள் ஏன் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று தாறுமாறாக இருக்கின்றன? சூரியன் ‘ஜி2வி’ என்றால் என்ன அர்த்தம்?

பெயரை முதலில் வைத்துவிட்டார்கள், விஷயம் பிறகுதான் புரிந்தது. அவ்வளவுதான் காரணம். கல்லூரியில் இந்த ஏழு எழுத்தையும் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கிவிட்டேன்; ஏன் இந்த வரிசை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கடுப்பில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். தை, மாசி மாதங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்குப் போனால் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒரே வரிசையில் நிற்பது தெரியும். அந்த வரிசைக்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரைஜெல். நிறம்தான் வெப்பநிலை. திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின் (273-ஐக் கழித்தால் செல்சியஸ்), சூரியன் 5,772, ரைஜெல் சுமார் 12,000. கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கிறதே, அதே கதைதான். (இதற்கு கேஸ் அடுப்பின் நீலச் சுடரை உதாரணம் சொல்பவர்கள் உண்டு. அந்த நீலம் வேறு காரணத்தால் வருவது, நம்பாதீர்கள்.)

சரி, எழுத்துக்கு வருவோம். 1880-களில் ஹார்வர்டு வானாய்வகத்தில் பிக்கரிங் தலைமையில் நட்சத்திர ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, கண்ணாடித் தகடுகளில் படமாக எடுத்துக் குவித்தார்கள். இப்படிப் பிரிந்த வண்ணப்பட்டைதான் நிறமாலை. அதில் குறுக்கே கருங்கோடுகள் இருக்கும்; ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிவிடுவதால் விழுகிற கோடுகள் அவை. அவற்றைப் பார்த்து வகை பிரித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்து இந்த வேலைக்கு வந்தவர். ஹைட்ரஜன் கோடுகள் மிக அழுத்தமாக இருந்தால் ஏ, அடுத்தது பி என்று க்யூ வரைக்கும் எழுத்துகள் போயின. 1890-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இப்படி எழுத்து போட்டு அட்டவணை வெளிவந்தது. பிறகு அதே வானாய்வகத்தின் ஆனி ஜம்ப் கேனன் 1901-இல் பார்த்தால், ஹைட்ரஜனை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற தனிமங்களின் கோடுகள் முன்னும் பின்னுமாகக் குதிக்கின்றன. பி-யைத் தூக்கி ஏ-க்கு முன்னால் வைத்து, ஓ-வை அதற்கும் முன்னால் கொண்டுபோய், பல எழுத்துகளைக் கழற்றிவிட்டால் எல்லாக் கோடுகளும் ஒழுங்காக ஏறி இறங்குகின்றன. அச்சாகிவிட்ட எழுத்துகளை மாற்ற மனமில்லாமல் வரிசையை மட்டும் மாற்றினார்கள். கேனன் தன் வாழ்நாளில் சுமார் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். நினைத்தாலே கண் வலிக்கிறது.

ஆனால் ஏன் அப்படி ஏறி இறங்குகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோடு அழுத்தமாக இருந்தால் அந்தப் பொருள் அங்கே நிறைய இருக்கிறது என்றுதானே நமக்குத் தோன்றும்? அது தப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஹைட்ரஜன் கோடு விழவேண்டுமானால் அதன் எலக்ட்ரான் ஆற்றல் படிகளில் இரண்டாவது படியில் நிற்கவேண்டும். நட்சத்திரம் குளிர்ந்ததாக இருந்தால் எலக்ட்ரான் முதல் படியை விட்டு ஏறுவதே இல்லை, மிகவும் சூடாக இருந்தால் அணுவை விட்டே ஓடிவிடும். இரண்டு பக்கமும் கோடு மங்கல்தான். சுமார் 10,000 கெல்வினில்தான் உச்சம், அதுதான் ஏ வகை. எந்தச் சூட்டில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்ற கணக்கை 1920-இல் கொடுத்தவர் கொல்கத்தாவின் மேகநாத சாகா. அதை வைத்து 1925-இல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டுபிடித்தார். அன்றைய வானியலில் பெரிய ஆளான ரஸல் அது சாத்தியமே இல்லை என்றதால், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதவேண்டி வந்தது. நாலு வருஷம் கழித்து ரஸலே அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

ஆக, ஓ-விலிருந்து எம் வரை சூடு இறங்குவரிசை. ஒவ்வொன்றுக்குள்ளும் 0 முதல் 9 வரை, 0 சூடு அதிகம். ஜி2 என்றால் ஜி-க்குள் சூடான பக்கம்.

அப்புறம் அந்த ‘வி’. அது எழுத்து இல்லை, ரோமன் எண் ஐந்து. சூட்டை மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் திருவாதிரையும் எம், நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரியும் எம். முன்னதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும், பின்னது சூரியனில் ஏழில் ஒரு பங்கு அகலம். இதையும் கோடுகளே காட்டிக்கொடுக்கின்றன: ஊதிப்போன நட்சத்திரத்தின் மேல்பகுதியில் அழுத்தம் குறைவு, அதனால் கோடுகள் மெலிசாக இருக்கும், சின்ன நட்சத்திரத்தில் அகலமாக இருக்கும். 1943-இல் மார்கன், கீனன், கெல்மன் மூவரும் இதை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணாக்கினார்கள். ஒன்று பெருராட்சதர், மூன்று ராட்சதர், ஐந்து சாதாரணக் குள்ளர்.

பார்வைக்கு எவ்வளவு பிரகாசம் என்பது இந்தக் கணக்கிலேயே வராது, அது பாதி தூரத்தின் வேலை. வானத்தில் முதலிடம் சிரியஸுக்கு, அது 8.6 ஒளியாண்டில்தான் இருக்கிறது. ரைஜெல் அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு தொலைவில் நின்றுகொண்டு இந்த அளவுக்கு ஜொலிக்கிறது.

சூரியனைக் குள்ளன் என்றதும் சிலருக்கு வருத்தம். நட்சத்திரங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு அதைவிடச் சின்னதான எம் வகைக் குள்ளர்கள்தான், மாடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் அவர்களில் ஒருவரைக்கூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமாவுக்கே தொலைநோக்கி வேண்டும்.