கணினி கேள்வி–பதில்: பெயர் உங்களுடையது, எண் யாருடையது?

கேள்வி: எங்கள் அப்பள வியாபாரத்தின் பில்களையும் ஆர்டர் கடிதங்களையும் அனுப்புவதற்காக, வீட்டில் ஒரு கணினியில் லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளும் நிறுவி, இணைய நிறுவனத்திடம் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபியும் (மாறாத இணைய எண்) வாங்கினேன். கடிதங்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் நான் அனுப்புபவற்றில் பல, பிடிஆர் பதிவு (ஐபி எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை என்ற குறிப்புடன் திரும்பிவிடுகின்றன. டொமைன் வாங்கிய தளத்தின் டிஎன்எஸ் (பெயர்–எண் பதிவேடு) பக்கத்தில் பிடிஆர் பதிவைச் சேர்த்துப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தாங்கள் சேர்த்த பதிவில் பிழை இருக்க வாய்ப்பில்லை, அது இருக்கும் இடத்தில் அதை யாரும் தேடுவதில்லை என்பதே சிக்கல். பெயரைக் கொடுத்து ஐபி எண்ணைக் கேட்கும்போது தங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதில் சொல்கிறது. எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கும்போதோ கேள்வி வேறொரு கிளைக்குப் போகிறது. எடுத்துக்காட்டாக 203.0.113.25 என்ற ஐபிக்கு, எண்களைத் திருப்பிப் போட்டு 25.113.0.203.இன்-ஆடர்.ஆர்பா என்ற பெயரில் தேடுவார்கள். அந்தக் கிளையில் நம் பகுதிக்குரிய பிரிவுகள், ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி எண்களை ஒதுக்கும் ஏப்னிக் அமைப்பின் கீழ் வருகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு ஐபி தொகுதிக்கும் உரிய அதிகாரம் அந்தத் தொகுதியைப் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் தம் விசிட்டிங் கார்டில் அந்தக் கதவிலக்கத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். நகராட்சியின் வீட்டுவரிப் புத்தகத்தில் பெயரை மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரர்தான் போக வேண்டும். இங்கே வீட்டுக்காரர் தங்கள் இணைய நிறுவனம்.

ஆகவே அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு, தங்கள் ஸ்டாட்டிக் ஐபியையும் அதற்கு வேண்டிய பெயரையும் குறிப்பிட்டு, ரிவர்ஸ் டிஎன்எஸ் (அதாவது பிடிஆர் பதிவு) அமைத்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுபவருக்குப் பெரும்பாலும் இது புரியாது, மின்னஞ்சலே நல்லது. கேட்பதற்கு முன், டொமைனுக்கு முன்னால் 'மெயில்' என்று சேர்த்த ஒரு பெயரை முடிவு செய்து, அதற்கு ஏ பதிவில் (பெயருக்குரிய ஐபியைச் சொல்லும் பதிவு) அதே ஐபியைக் கொடுத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேம் வரியிலும் அதே பெயர் இருக்கட்டும். கடிதத்தைப் பெறும் சர்வர் முதலில் ஐபியிலிருந்து பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரிலிருந்து மீண்டும் ஐபிக்கு வருகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் பிடிஆர் இருந்தும் இல்லாததற்குச் சமம். கூகுள் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு எழுதும் அனைவரிடமும் இந்தப் பொருத்தத்தையே எதிர்பார்க்கிறது. ஒரு ஐபிக்கு ஒரே பிடிஆர் போதும். கடைக்கு நான்கு டொமைன்கள் இருந்தாலும் நான்கு பிடிஆர் கேட்க வேண்டாம். பதிவு வந்துவிட்டதா என்று பார்க்க, டிஎன்எஸ் பதிவுகளைத் தேடிக் காட்டும் டிக் கட்டளையை மைனஸ் எக்ஸ் குறியுடனும் ஐபியுடனும் இயக்கினால் போதும்.

இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். வீட்டு இணைப்புகளின் ஐபி தொகுதிகள் பல, ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் (நேரடியாகக் கடிதம் அனுப்பக் கூடாத ஐபிகள்) பட்டியலில் முன்கூட்டியே இருக்கும். அந்தத் தளத்தில் தங்கள் ஐபியைத் தேடிப் பார்த்து, இருந்தால் நீக்கக் கோரலாம். எஸ்பிஎஃப் (தங்கள் டொமைன் பெயரில் அனுப்பக்கூடிய சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (கடிதத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) பதிவுகளும் தேவை. இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை ஐபி எண்) இருந்தால், சர்வர் தங்களுக்குத் தெரியாமலே அந்த வழியில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதற்கெனத் தனிப் பிடிஆர் கிடைக்கும்வரை போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 மட்டும் பயன்படுத்துமாறு அமைத்துவிடுங்கள்.

நிறுவனம் மறுத்துவிட்டால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். வருவது வீட்டுக்கே வரட்டும். அனுப்புவதை மட்டும், தம் சர்வர் மூலம் பிறர் கடிதங்களை அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவை வழியாக விடுங்கள். அப்போது எதிர்த்தரப்புக்குத் தெரிவது ரிலேயின் ஐபி என்பதால், வீட்டு ஐபியின் பிடிஆர் பற்றிய கேள்வியே எழாது. எஸ்பிஎஃப் பதிவில் ரிலேயைச் சேர்க்க மட்டும் மறக்கக் கூடாது. வியாபாரக் கடிதம் என்பதால், பிடிஆர் கிடைத்தாலும்கூட நான் இந்த வழியையே விரும்புவேன்.

கேள்வி: என் ரூட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு) பகுதியில் 100.72 என்று தொடங்கும் ஐபி தெரிகிறது. இதற்கும் பிடிஆர் கேட்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கேட்க முடியாது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள், பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து கடிதம்கூடத் தங்கள் சர்வரை நேராக வந்து சேராது. முதலில் ஸ்டாட்டிக் ஐபிக்கு விண்ணப்பியுங்கள். அதைக் கேட்கும்போதே, பிடிஆர் அமைத்துத் தருவார்களா என்றும், மின்னஞ்சல் சர்வர்கள் பயன்படுத்தும் 25ஆம் போர்ட் திறந்திருக்குமா என்றும் கேட்டறிந்த பிறகு பணம் கட்டுங்கள்.