வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்குள் வளரும் பெரணி

கேள்வி: நர்சரியில் பச்சைப்பசேல் என்றிருந்த பாஸ்டன் பெரணி (Boston fern), எங்கள் வரவேற்பறைக்கு வந்த சில வாரங்களிலேயே நுனி கருகி, தொட்டால் இலைகளை உதிர்க்கிறது. அறையில் ஏ.சி. உண்டு. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலைகளுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. பூச்சி மருந்து அடிக்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: பூச்சி மருந்து இப்போதைக்கு வேண்டாம். சிற்றிலையின் நடு நரம்புக்கு இருபுறமும் ஒரே சீரான இடைவெளியில் வரிசையாக அமைந்த புள்ளிகள் என்றால், அவை ஸ்போர்கள், அதாவது விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் நுண்துகள்கள், அடங்கிய பைகள். பூவும் விதையும் இல்லாத பெரணி இனத்துக்கு அது இயல்பான தோற்றமே. ஒழுங்கில்லாமல் தண்டிலும் காம்பிலும் ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருபவைதாம் செதில் பூச்சிகள். அவற்றைச் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் உள்ளிட்ட எண்ணெய்த் தெளிப்புகள் பெரணியின் மெல்லிய இலைகளையே கருக்கிவிடக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

நுனி கருகுவதற்குப் பெரும்பாலும் உங்கள் ஏ.சி.தான் காரணமாக இருக்கும். பாஸ்டன் பெரணிக்குக் காற்றில் குறைந்தது 50 சதவீத ஈரப்பதமாவது வேண்டும். கடலோர நகரமான சென்னையின் வெளிக்காற்றில் அந்த ஈரம் ஆண்டின் பெரும்பகுதி தாராளமாகவே இருக்கிறது, ஏ.சி. அதைப் பிரித்தெடுத்துக் குழாய் வழியே வெளியில் சொட்டவிடுகிறது. வறண்ட காற்றில் இலைகள் இழக்கும் நீரை வேர்களால் ஈடுகட்ட முடியாதபோது நுனிகள் முதலில் காய்கின்றன. மண்ணில் தண்ணீர் போதவில்லை என்று எண்ணித் தினமும் ஊற்றினால், காற்றோட்டம் இழந்த வேர்கள் அழுகத் தொடங்கும். அழுகிய வேர்களால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலைகள் மேலும் காயும், அதைப் பார்த்து நீங்களும் மேலும் ஊற்றுவீர்கள்.

காற்றின் ஈரம் பெரணிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், கரிப்புகை சூழ்ந்த தம் வீட்டுத் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் தானாகவே முளைத்துத் தழைத்திருப்பதை 1829-ஆம் ஆண்டு வாக்கில் கவனித்தார். அந்த முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் 1833-இல் பெரணிகள் கப்பலேறி, பல மாதப் பயணத்துக்குப் பிறகும் சிட்னியில் உயிருடன் இறங்கின. உங்களுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஏ.சி. காற்று படாத, வடக்கு அல்லது கிழக்கு பார்த்த ஜன்னலருகே, நேர் வெயில் விழாமல் நல்ல வெளிச்சம் வரும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். ஜன்னல் வைத்த குளியலறை இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் வீட்டில் இல்லை. தெளிப்பானால் நீர் தெளிப்பதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அந்த ஈரம் சில நிமிடங்களுக்குமேல் நிற்காது என்பதால் நான் அதை நம்புவதில்லை. இனி, மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் குறையத் தொடங்கிய பின்னரே, அடித்துளை வழியே வழியும் அளவுக்கு ஊற்றுங்கள்.

ஊற்றும் நீரையும் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்குப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பு அடர்ந்த அந்த நீரும், உப்பு மிகுந்த போர்வெல் நீரும் பெரணியின் நுனிகளைக் கருக்கும். மழைநீர் மிகவும் உகந்தது. அது கிடைக்காத நாட்களில், உப்பு ஏறக்குறைய இல்லாத ஏ.சி. குழாய் நீரைப் பிடித்து வைத்தும் ஊற்றலாம். கருகிய இலைகள் மீண்டும் பசுமையாகா. அவற்றை அடியோடு வெட்டிவிட்டு, நடுவிலிருந்து சுருண்டு எழும் புதிய தளிர்களுக்காகக் காத்திருங்கள்.

கேள்வி: தொட்டியின் அடித்துளை வழியே வேர்கள் வெளிவந்துவிட்டன. பெரணியைப் பிரித்து நடலாமா? உரம் என்ன இடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரிக்கலாம், மழைக்காலத் தொடக்கம் அதற்கு ஏற்றது. வேர்க்கட்டியைக் கூரிய கத்தியால் இரண்டாகவோ மூன்றாகவோ, ஒவ்வொரு பகுதியிலும் இலைகளும் வேர்களும் இருக்கும்படி வெட்டி, இலைகள் கிளம்பும் நடுப்பகுதி மண்ணுக்குள் புதையாதவாறு நடுங்கள். செம்மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும் என்பதால், தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, சிறிது ஆற்றுமணலும் சேர்க்கலாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீரில் அலசி, அதிலுள்ள உப்பைப் போக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். பிரித்து நட்ட ஒன்றிரண்டு மாதங்களுக்கு வேறு உரம் தேவையில்லை. அதன்பின், நீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்து மாதம் ஒரு முறை, அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது மட்டும், ஊற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை பெரணி இலைகளைக் கடிக்கிறது. ஆபத்து உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: பாஸ்டன் பெரணி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சன்று, அதிகம் தின்றால் வாந்தி எடுக்கக்கூடும், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது அஸ்பராகஸ் பெரணி என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை. ஊசிபோன்ற மெல்லிய இலைகளும், பூவும், சிறு காய்களும் அதன் அடையாளம். அது பெரணியே அன்று, நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. அதன் காய்களைத் தின்றால் பூனைக்கு வயிற்றுப்போக்கு வரலாம், அதன்மேல் அடிக்கடி உரசினால் தோல் தடிக்கலாம் என்பதால், எட்டாத உயரத்தில் அதைத் தொங்கவிடுங்கள்.